பதினோராம் கோப்பையில் புகை

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் டோலண்ட் மில்ஸில் எந்தப் பொருளும் தன் சொந்த ருசியில் இருக்காது. பட்டையும் ஜாதிக்காயும் கிராம்பும் எல்லாவற்றிலும் வந்து விழும். காபியில் விழும். மெழுகுவர்த்தியில் விழும். நாய்க்குப் போடும் பிஸ்கட்டில்கூட விழும். பீர் மட்டும் தப்புமா?

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் பூசணி பீர் போட்டி. சிவப்பு வண்டிகள் இரண்டையும் வெளியே புல்தரையில் நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தைக் கழுவி, மேசை போட்டு, வெள்ளைத் துணி விரிப்பார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு நிலவறையில் காய்ச்சிய பீர் எல்லாம் எண் மட்டும் எழுதிய கோப்பைகளில் நடுவர்கள் முன்னால் வரும். எது யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியாது. பாதி பீரில் பூசணியே கிடையாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. மசாலா விழுந்தால் போதும், பூசணி தானாக வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

தலைமை நடுவர் ஆல்டன் புருவிட். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரை ஒழுகியதா, ஒழுகியதாகச் சொல்கிறார்களா என்று பார்த்து எழுதும் வேலை. மற்ற நாட்களில் அவர் பெயரைத் தப்பாக எழுதும் தபால் நிலையப் பெண்கூட இந்த ஒரு நாள் அவர் உள்ளே வரும்போது எழுந்து நிற்பாள். அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பழைய பீப்பாயை அறுத்துச் செய்தது. உட்கார்ந்தால் இடுப்பைப் பிடிக்கும், ஆனாலும் அது சிம்மாசனம். ஆரஞ்சு நிற வெல்வெட்டில் ஒரு கையில்லாச் சட்டை தைத்து வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவரே ஒரு பரிசு பெற்ற பூசணி போலத்தான் இருப்பார்.

அவர் மூக்கைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. கூடத்துக்குள் எந்த வாசனையும் வரக்கூடாது என்பது அவர் சட்டம். வாசனைச் சோப்பு கூடாது, உதட்டுச் சாயம் கூடாது. சீவிய மரப் பென்சில்கூடக் கூடாது, மரம் மணக்குமாம். ஒருமுறை முகச்சவர நீர் பூசிக்கொண்டு வந்த பாதிரியாரையே வெளியே அனுப்பினார். போன ஆண்டு தெருக்கோடியில் யாரோ சோளம் பொரித்தார்கள் என்று பாதிப் போட்டியில் எழுந்து, போய் நிறுத்திவிட்டு வந்தார்.

அப்படிப்பட்ட மூக்கு இந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் செத்துப்போனது.

ஒரு சாதாரண ஜலதோஷம். சளி போயிற்று, இருமல் போயிற்று, கூடவே வாசனையும் போயிற்று. திரும்பியது மூச்சு மட்டும். டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்லத் தனக்கு எதற்கு டாக்டர் என்று ஆல்டனுக்குக் கோபம். அன்றிலிருந்து அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. விடிந்ததும் காபிப் பொடியை முகர்வார். பிறகு ஷூ பாலிஷ். பிறகு நாய். கிராம்பு டப்பாவைத் திறப்பார், மூடுவார், வாசல்வரை போவார், திரும்பி வந்து மறுபடி திறப்பார். கிராம்பு கிராம்பாகத்தான் இருந்தது. மூக்குதான் சுவராகி இருந்தது.

விஷயம் தெரிந்தது ஒருத்திக்கு மட்டும். மனைவி ஓபல். திரிந்த பாலைக் காபியில் ஊற்றி அவர் சப்புக்கொட்டிக் குடித்ததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

போட்டியன்று காலையில் அவள் அவருக்கு வெல்வெட்டுச் சட்டையின் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவர் நின்ற இடத்தில் நிற்காததால் மூன்றாவது பொத்தான் இரண்டாவது துளைக்குள் போயிற்று.

"சும்மா நில்லேன். குதிரைக்கு லாடம் அடிக்கிற மாதிரி இருக்கு."

"நேரமாச்சு, ஓபல்."

"பேசாம தீயணைப்பு நிலையத்து பாய்டுக்கு ஒரு போன் பண்ணு. மூக்கு சரியில்ல, இந்த வருஷம் வரலைன்னு சொல்லு. யாரு உன்னைத் தூக்குல போடப்போறா?"

"லூசிண்டா உக்காந்துருவா."

"உக்காரட்டுமே. அந்தப் பீப்பாய்ல உக்காந்துட்டு வந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு வாரம் இடுப்புக்கு ஒத்தடம் குடுக்கிறது நான்தானே."

"ஒரு தடவை உக்காந்தா அவ எழுந்திருக்க மாட்டா. உனக்குத் தெரியாது."

"சரி. பீர் வாசனைதான் தெரியல. நேத்துப் போட்ட அதே சாக்ஸைப் போட்டிருக்கியே, அதுவுமா தெரியல?"

ஆல்டன் சாக்ஸை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

லூசிண்டா பிராக் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேரை அவர் ஒருமுறையாவது ஃபெயிலாக்கியிருக்கிறார், மீதிப் பேரின் பிள்ளைகளையும். பல ஆண்டுகளாக ஆல்டனுக்கு இடதுபுறம் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பீப்பாயை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருப்பவர். வலதுபுறம் பல் டாக்டர் மெரில் டாட். வயதில் இளையவர், வாயில் பெரியவர். எந்த பீரைக் கொடுத்தாலும் அதில் தன் பரம்பரையின் கதையைக் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் கடையில் வாங்கிய பூசணி பீர் ஒன்றை மூவரும் சேர்ந்து சுவைப்பது வழக்கம். வீணை வாசிப்பதற்கு முன் சுருதி சேர்ப்பது மாதிரி, மூன்று நாக்குகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதற்காக. ஆல்டன் கோப்பையைத் தூக்கி, கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்து, மெதுவாகத் தலையசைத்தார். கயிற்றுக்குப் பின்னால் நின்ற கூட்டம் அதைப் பார்த்துத் தானும் தலையசைத்தது. பீர் ஊற்றும் பெண் அப்போதுதான் லூசிண்டாவின் கோப்பையை நிரப்பிவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

லூசிண்டா ஆல்டனின் கோப்பையை ஒருமுறை பார்த்தார்.

"முதல்ல நீங்க சொல்லுங்க மெரில்," என்றார் ஆல்டன், பெருந்தன்மையாக. "எப்பவும் நானே பேசிட்டு இருக்கேன்."

மெரில் மகிழ்ந்துபோனார். "பட்டை முன்னாடி வந்து கதவைத் தட்டுது. ஜாதிக்காய் பின்னாடி கூச்சப்பட்டு நிக்குது. நடுவுல எங்க தாத்தாவோட சுருட்டுப் பெட்டி."

"அதேதான்," என்றார் ஆல்டன். "பெட்டியோட மூடின்னு நான் சொல்லுவேன்."

கூட்டத்தில் யாரோ "ஆஹா" என்றார்கள்.

போட்டி தொடங்கியது. ஒரு கோப்பையைச் சுவைத்து மூவரும் எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது, முகபாவமும் கூடாது. ஆல்டனுக்கு இதுதான் நரகம். மெரிலின் முகம் மரக்கட்டை. லூசிண்டாவின் முகம் எப்போதுமே வினாத்தாள். வேறு வழியில்லாமல் அவர் நாக்கை நம்பினார். இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது. சுக்கு காரமாகச் சுட்டது. கிராம்பு அதிகமானால் நாக்கின் நுனி மரத்தது. இதை வைத்து அவர் மதிப்பெண் போட்டார். மேசைக்கு அடியில் அவர் முழங்கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருந்தது. கோப்பைகளில் இருந்த பீரில் அலை எழுந்தது.

ஆனால் பாருங்கள், வண்டி ஓடியது. ஐம்பதுக்கு அவர் முப்பத்தொன்று போட்டால் லூசிண்டா முப்பத்திரண்டு, மெரில் முப்பத்துமூன்று. அவர் இருபத்தெட்டு என்றால் அவர்கள் இருபத்தொன்பது, முப்பது. நாலாம் எண் பீருக்கு மூவரும் முப்பத்தெட்டு. பூசணி பீர்கள் எல்லாம் அக்கா தங்கைகள். மூக்கோடு பார்த்தாலும் மூக்கில்லாமல் பார்த்தாலும் ஒரே சாயல். பத்தாம் கோப்பை முடிந்தபோது ஆல்டனுக்கு, மூக்கு என்ற உறுப்பையே சற்று மிகைப்படுத்திவிட்டார்களோ என்ற எண்ணம்கூட வந்தது.

அதே நேரத்தில் கூடத்துக்குப் பின்னால் இருந்த சமையலறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வீரர்களின் மனைவிமார் பிற்பகல் விற்பனைக்காக பூசணி அப்பங்கள் செய்து வைத்திருந்தார்கள். மாவுத் தட்டில் பூசணிக் கூழை ஊற்றிச் சுடுவது. தீர்ப்பு சொல்லி முடிக்கும்வரை அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது என்பது ஆல்டனின் சட்டங்களில் ஒன்று. தீயணைப்புத் தலைவர் பாய்ட் ஹஸ்கின்ஸ் அந்த ஆண்டு, "கொஞ்சம் சூடாத்தானே பண்றோம், யாருக்குத் தெரியப்போகுது" என்று அவ்வளவையும் அடுப்புக்குள் தள்ளிக் குமிழைத் திருகியவர், வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் சண்டை என்று யாரோ கூப்பிட, போய்விட்டுத் திரும்பி வந்து கூட்டத்தோடு நின்றவர் அடுப்பை மறந்தேபோனார்.

பதினோராம் கோப்பை வந்தது. அடுப்பும் அந்த நேரம் பார்த்துத் தன் வேலையைக் காட்டியது.

முதலில் மெரிலின் மூக்குக்கு ஒரு சுட்ட மணம் வந்தது. கோப்பையை முகர்ந்தார், வந்தது. கோப்பையைக் கீழே வைத்தார்; அப்போதும் வந்தது. கூடத்தில்தான் ஏதோ என்று ஒரு கணம் நினைத்து ஆல்டனைப் பார்த்தார். ஆல்டன் கல்லாக உட்கார்ந்திருந்தார். தெருக்கோடிச் சோளப்பொரியை மோப்பம் பிடித்த மனிதர். கூடத்தில் வாசனை இருந்தால் இந்நேரம் நாற்காலி பறந்திருக்கும். அவர் சும்மா இருக்கிறார் என்றால் கூடத்தில் வாசனை இல்லை. கூடத்தில் இல்லை என்றால் கோப்பையில் இருக்கிறது. மெரில் பரவசத்தோடு எழுதத் தொடங்கினார்.

லூசிண்டாவும் அதே கணக்கைத்தான் போட்டார். காலையில் ஒன்றைப் பார்த்திருந்தும் போட்டார். பழக்கம் அவ்வளவு பலமானது.

கயிற்றுக்குப் பின்னால் பிளம்பர் ஒருவர், "எதோ கருகுதே?" என்றார்.

"ஷ்! அது பதினொண்ணாம் நம்பர். சும்மா இரு," என்றார் பக்கத்தில் நின்றவர்.

மதிப்பெண்களைப் படித்தார்கள். லூசிண்டா நாற்பத்துநான்கு. மெரில் நாற்பத்தாறு. ஆல்டன் இருபத்தேழு.

கூட்டம் அசைந்தது. ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுவர்கள் பேசித் தீர்த்தாக வேண்டும். அதுவும் ஆல்டனே கொண்டுவந்த சட்டம்தான்.

"இருபத்தேழா?" என்றார் மெரில்.

"இருபத்தேழுதான்." குரல் சரியாகத்தான் வந்தது. முழங்கால்தான் மேசையை இடித்தது.

லூசிண்டா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "ஆல்டன், இதுல புகை வாசனை உங்களுக்கு வரலையா?"

ஆல்டன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். பூசணி பீரில் புகையா? இத்தனை ஆண்டுகளில் யாரும் போட்டதில்லை. இவள் பரீட்சையில், கரைசலில் இல்லாத உப்பைத் தேடச் சொல்லி, கண்டுபிடித்ததாக எழுதியவனையெல்லாம் ஃபெயிலாக்கியவள் ஆயிற்றே. பல்காரனையும் சேர்த்துக்கொண்டு பொறி வைக்கிறாள். 'ஆமாம், புகை' என்று சொன்னால் இங்கேயே, இந்தக் கூட்டத்தின் முன்னாலேயே, 'புகையே கிடையாதே' என்று சிரிப்பாள். நாற்காலி போயிற்று.

"இல்ல," என்றார். "இதுல புகையே கிடையாது."

"என்ன சார் சொல்றீங்க!" மெரில் துடித்தார். "மூக்குல வந்து மோதுதே! மலை மேல கூடாரம் போட்டு, எங்கப்பா தீ மூட்டினாரே, அந்த ராத்திரி அப்படியே இருக்கு."

"உங்க மூக்குல மோதலாம். கோப்பைல இல்ல."

"இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க," என்றார் லூசிண்டா.

மறுபடி ஊற்றினார்கள். மறுபடி முகர்ந்தார்கள். இதற்குள் சமையலறைக் கதவின் இடுக்கு வழியாக மெல்லிய நீலத் திரை ஒன்று கூரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கூரையைப் பார்க்கவில்லை.

"இப்ப இன்னும் அதிகம்!" என்றார் மெரில். "காத்து பட்டதும் மலருது பாருங்க! நான் நாப்பத்தெட்டு போடப் போறேன்."

லூசிண்டாவின் கண்ணில் நீர் தளும்பியது. நடிக்கிறாள், எவ்வளவு தூரம் போகிறாள் பார் என்று நினைத்தார் ஆல்டன். தன் கண்ணும் எரிந்தது. தனக்கு அழுகை வருகிறது, பயத்தில் அழப்போகிறேன், எல்லோர் முன்னாலும் அழப்போகிறேன் என்று எண்ணி, பீப்பாயின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆல்டன், கடைசியாக் கேக்கறேன்," லூசிண்டா இருமினார். "இந்த பீர்ல..." மறுபடி இருமினார். "...புகை இருக்கா, இல்லையா?"

"இல்லவே இல்ல!"

அப்போது நிலையத்தின் கூரையில் இருந்த சங்கு அலறியது.

எங்கள் ஊர்த் தீயணைப்பு வீரர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். சங்கு ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். கையில் இருந்த பீரை மட்டும் போடாமல் குடித்துவிட்டு ஓடினார்கள். முதல் வண்டி புல்தரையைக் கிழித்துக்கொண்டு சாலையில் ஏறிப் பாலம்வரை போய்விட்டது. அங்கேதான் வானொலியில் முகவரி வந்தது: மெயின் தெரு, தீயணைப்பு நிலையம்.

"எது, நம்ம நிலையமா?"

"நம்ம நிலையம்தான்யா! திருப்பு!"

அவர்கள் வந்து சேர்வதற்குள் பாய்ட் ஹஸ்கின்ஸ் தனியாளாகச் சமையலறைக்குள் புகுந்து அடுப்பை அணைத்து, ஒரு வாளித் தண்ணீரையும் வீசிவிட்டார். அப்பங்கள் கரிக்கட்டையாக இருந்தன. வெளியே ஓடியிருந்த கூட்டம் இருமிக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்தது.

கூடம் முழுக்கப் புகை. நடுவில் பீப்பாய் நாற்காலியில் ஆல்டன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனதால் அவரால் எழ முடியவில்லை. பார்த்தவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை.

மெரில்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ... நாங்க மோந்து பார்த்தது... அந்தப் புகை..."

பல் டாக்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. கூட்டத்திலும் பரவியது. எல்லாத் தலைகளும் ஆல்டனின் பக்கம் திரும்பின.

சமையலறை வாசலில் முகமெல்லாம் கரியோடு நின்ற பாய்டுக்கு, அடுத்த கேள்வி 'அடுப்பைப் பத்த வெச்சது யாரு' என்பதாகத்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. தீயணைப்புத் தலைவராக அவர் தன் வாழ்நாளில் இவ்வளவு வேகமாகச் செயல்பட்டதில்லை.

"கேட்டீங்களா எல்லாரும்!" என்று கத்தினார். "'உங்க மூக்குல மோதலாம், கோப்பைல இல்ல'ன்னாரே! ரூம் முழுக்கப் புகை. அதுக்கு நடுவுல ஒரு மனுஷன், கோப்பைக்குள்ள இருக்கிறதை மட்டும் தனியாப் பிரிச்சு மோந்திருக்காரு! இதுவா மூக்கு? இது ஆய்வுக்கூடம்யா!"

கைதட்டல் எழுந்தது. பிளம்பர் விசிலடித்தார். தபால் நிலையப் பெண் எழுந்து நிற்கவேண்டும் என்று நினைத்தாள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் நாற்காலி மேல் ஏறினாள். பதினோராம் எண் பீரைக் காய்ச்சிய ஊர்க் குமாஸ்தா முன்னால் வந்து, தான் புகையும் போடவில்லை, அவசரத்தில் பூசணியும் போடவில்லை என்று தானாகவே ஒப்புக்கொண்டார். அதற்கும் கைதட்டினார்கள். முதல் பரிசான செம்பு அகப்பை நாலாம் எண்ணுக்குப் போனது. யாருக்குப் போனது என்று அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஆல்டன் சிரிக்க முயன்றார். உட்கார முடியவில்லை, எழுந்தார், நிற்க முடியவில்லை. எல்லோரும் கைகுலுக்கினார்கள். பாய்ட் அவர் தோளில் கைபோட்டு, அடுப்பு இருக்கும் திசையிலிருந்து கூட்டத்தை மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஆல்டன், ஒரு உதவி. மேட்டுத் தெரு ஐடா கார்வர் வீட்டு நிலவறைல ரெண்டு நாளா எதோ நாத்தம். அவங்களுக்கு காஸ் கசியுதோன்னு பயம். வீட்டைச் சூடாக்கற அடுப்பையே மூட்டாம போர்வைக்குள்ள நடுங்கிட்டுக் கெடக்காங்க. எங்க கருவி ஒருநாள் கத்துது, ஒருநாள் கத்தல. நீங்க ஒரு தடவை வந்து மோந்து பார்த்துட்டு 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா, உடனே மூட்டிருவாங்க."

ஆல்டனின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச நிறமும் போயிற்று. ஐடாவை அவருக்குத் தெரியும். ஒருமுறை அவள் கூரை ஒழுகியபோது ஒழுகவில்லை என்று எழுதியவர் அவர்தான். இப்போது நிலவறையில் நின்று, காற்றை இழுத்து, தலையை மெதுவாக ஆட்டி, தீக்குச்சியை அவள் கையில் கொடுக்க வேண்டும்.

பீப்பாயைப் பார்த்தார். ஐடாவை நினைத்தார். மறுபடி பீப்பாயைப் பார்த்தார்.

"எனக்கு வாசனை தெரியாது," என்றார்.

"என்னது?"

"மூக்கு போச்சு பாய்ட். செப்டம்பர்லேர்ந்து ஒண்ணும் தெரியல. புகையும் தெரியல, பீரும் தெரியல. அங்க போய் நான் மோந்தா அது சுவர் மோந்த மாதிரிதான். தயவுசெஞ்சு காஸ்காரங்களைக் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் அந்தம்மாவை வெளிய உக்கார வைங்க."

சுற்றி நின்றவர்கள் பாய்டைப் பார்த்தார்கள். பிறகு பாய்ட் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"பார்த்தீங்களா! இத்தனை பண்ணிட்டு, மூக்கே இல்லைங்கறாரு! பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்யா!"

"நெஜமாத்தான் சொல்றேன்!"

"சரி சரி, புரியுது," என்றார் மெரில், கண் கலங்க. கலங்கியது புகையாலா பக்தியாலா என்று சொல்வது கடினம். "உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல தன் மூக்கையே நம்பக்கூடாதுங்கற பொறுப்பு. இதை நான் கத்துக்கணும்."

"நான் போய்ப் பார்க்கறேன்," என்றார் லூசிண்டா குறுக்கே. "பாய்ட், நீ காஸ்காரங்களுக்கும் சொல்லு. ஆல்டன், என்னை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விடுங்க."

வெளியே காற்று சருகுகளைச் சாலை முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தது. தெற்கே போகும் வாத்துக்கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு போனது. ஆல்டன் அவர் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"லூசிண்டா, நீங்களாவது நம்புங்க. நான் பொய் சொல்லல."

"தெரியும்," என்றார் லூசிண்டா. "காலைல காலிக் கோப்பையை மோந்துட்டுத் தலையாட்டினீங்களே."

ஆல்டன் நின்றுவிட்டார். "பார்த்தீங்களா? அப்போ ஏன் சொல்லல?"

"போட்டி முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். மேடையில வெச்சு, நல்லா, நிறுத்தி நிதானமா." லூசிண்டா காரின் கதவைத் திறந்தார். "இப்ப எப்படிச் சொல்றது? அடுப்புல அப்பம் கருகுறதை பீர்னு நெனச்சு நாப்பத்துநாலு மார்க் போட்டிருக்கேன். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவ. நீங்க மேதைன்னா, நான் ஒரு மேதைகிட்டத் தோத்தவ. உங்களுக்கு மூக்கே இல்லைன்னா? ஜலதோஷம் புடிச்ச மூக்குகிட்டத் தோத்தவளா நான்?"

"எனக்கு அந்த நாற்காலி வேண்டாம் லூசிண்டா. நீங்களே எடுத்துக்குங்க. இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"இப்பத்தானே சொன்னீங்க? என்ன ஆச்சு?"

ஆல்டன் நிலையத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாரு நம்புவா? பாய்ட் நம்புவானா? நம்பினா, அடுப்பு யாரு வேலைன்னு ஆரம்பிப்பாங்க. மெரில் நம்புவானா? அவன் இந்நேரம் ஆஸ்பத்திரில எல்லார் வாயையும் திறந்து வெச்சுட்டு உங்க பெருமையைத்தான் பேசத் தயாராகிட்டிருப்பான்." லூசிண்டா உள்ளே உட்கார்ந்து கார்ச் சன்னலை இறக்கினார். "அடுத்த வருஷமும் நீங்கதான் உக்காருவீங்க. ஆனா நான் மோந்து பார்ப்பேன். நல்லா இருந்தா என் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பேன். மோசமா இருந்தா துடைக்க மாட்டேன். நீங்க பாட்டுக்குத் தலையாட்டுங்க, அதை நல்லா செய்யறீங்க."

"எத்தனை வருஷத்துக்கு?"

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் லூசிண்டா, வண்டியைக் கிளப்பி.

ஐடா கார்வரின் நிலவறையில் காஸ் எதுவும் கசியவில்லை. போன மாதம் வாங்கிய பூசணி ஒன்று அலமாரிக்குப் பின்னால் உருண்டு போய் அங்கேயே அழுகிக் கிடந்தது. அன்று எங்கள் ஊரில் உண்மையிலேயே மணம் வீசிய பூசணி அது ஒன்றுதான். லூசிண்டா அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, ஆல்டன் போயிருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆல்டன் வீட்டுக்கு நடந்தே வந்தார். ஓபல் வாசலில் சருகு வாரிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு நாற்காலி?"

"என்கிட்டதான் இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?"

அவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நின்றபடி பாதி, படியில் உட்கார்ந்து கொஞ்சம், மறுபடி எழுந்து மீதி. ஓபல் வாரியலை ஊன்றிக்கொண்டு கேட்டாள். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.

"சரி, முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டு. கருகல் நாத்தம் தாங்கல."

ஆல்டன் வெல்வெட்டின் விளிம்பைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்து, தலையை மெதுவாக ஆட்டினார்.

"இதுல புகையே கிடையாது," என்றார்.

"இங்க கைதட்ட யாரும் இல்ல," என்றாள் ஓபல். "கொடியில மாட்டிட்டு உள்ள வா."